நின்றுபோன கைகள்

"லைட்டை அணைச்சுட்டா நான் உன்கிட்ட எப்படிப் பேசுறது?"

மகள் இதை வாயால் கேட்கவில்லை. காது கேளாத பிள்ளை. அவளுடைய பேச்சு முழுவதும் விரல்களில்தான். படுக்கப் போகிற நேரத்தில், சுவிட்சில் அம்மாவின் கை இருந்தபோது கேட்டாள். அம்மா கொஞ்சம் யோசித்தாள். விளக்கை அணைத்துவிட்டு, மகளின் உள்ளங்கையில் விரலால் ஒரு வட்டம் போட்டாள். இங்கேதான் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். சின்னக் கை மூடிக்கொண்டு அந்த விரலைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்து, துணிகளுக்கு அச்சுப்படம் வரைகிற வேலையில், விமானம் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் திரையில் வருவாள். கொஞ்ச காலமாக அந்தத் திரை அடிக்கடி உறைந்துபோனது. மற்ற வீடுகளில் படம் நின்றால் குரலாவது வரும். இந்த வீட்டில் படம் நின்றால் பேச்சே நின்றது. பாதி வார்த்தையில் தூக்கிய கைகள் அப்படியே நிற்கும். அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டைப் செய்து அனுப்பலாம்தான். ஆனால் டைப் செய்த எழுத்துக்கு முகம் இல்லையே.

"நெட்டுல கோளாறு ஒண்ணும் இல்ல. பிராசசர்தான் பழசாயிடுச்சு, அதுக்கு மூச்சு வாங்குது" என்று சொன்ன மகள், புதிதாக ஒன்றை வாங்கி அனுப்பினாள். கம்ப்யூட்டரின் மூளை அது. சதுர பிஸ்கட் அளவுதான் இருந்தது. எப்படி மாட்டுவது என்று போன ஞாயிறு கைகளால் விளக்கினாள். நடுவில் படம் நின்று நின்று வந்தது. அம்மாவும் அப்பாவும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். மறுபடி சொல்லச் சொன்னால் இருக்கிற கொஞ்ச நேரமும் அதிலேயே போய்விடும், அதற்குப் பதிலாகச் சாப்பிட்டாயா என்றாவது கேட்கலாம் என்று இருவருக்கும் தனித்தனியாகத் தோன்றியிருந்தது.

அடுத்த ஞாயிறுக்குள் மாட்டிவிட வேண்டும் என்று ஒரு காலையில் மேஜையைத் துடைத்து வேலையை ஆரம்பித்தார்கள். அம்மா பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதியவள், கை நடுங்காது. அப்பா சலவைக்கடை வைத்திருந்தவர். கறையைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது.

"பிளக்கைப் பிடுங்கியாச்சா? இப்போ பெட்டியோட இரும்பைத் தொடுங்க. உடம்புல இருக்கிற கரண்ட் இறங்கணுமாம்."

"என் உடம்புல கரண்ட் போய் ரொம்ப நாளாச்சு."

"நாக்குல இருக்கே, அது போதாதா?"

அம்மா பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த சின்ன ஃபேனின் வயரைப் பிடுங்கி, திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஃபேனை லேசாகத் திருகித் தூக்கினாள். கீழே பழைய பிராசசர் காய்ந்த பசையோடு இருந்தது. பக்கத்துக் கம்பியை நிமிர்த்தியதும் அது தளர்ந்து கையோடு வந்தது. அதை அவரிடம் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்தாள். அதன் மூலையில் ஒரு சின்ன முக்கோணம். அது உட்காருகிற மதர்போர்டுப் பலகையிலும் ஒன்று. இரண்டையும் பொருத்தி வைத்ததும் அது தானாக இறங்கி உட்கார்ந்தது. அழுத்த வேண்டியிருக்கவில்லை. கம்பியை மடக்கினாள். அதன் நடுவில், சூட்டைக் கடத்துகிற பசையைப் பட்டாணி அளவு வைத்தாள்.

"கேக்கு இல்ல அது. பூவெல்லாம் போட்டுடாத."

"உங்களை யாரு கேட்டா?"

ஃபேனை மேலே வைத்து முடுக்கி, வயரைச் சொருகி, சுவிட்சைப் போட்டாள். ஃபேன் சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. வயர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கறுப்புதான்.

பட்டன் போனில் மகளுக்குச் செய்தி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. "பழசை எடுக்கிறதுக்கு முன்னாடியே போர்டோட சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கணும்னு சொன்னேனேம்மா. புதுசு யாருன்னு போர்டுக்குத் தெரியாது. பழசை மறுபடி மாட்டுங்க. அது இருந்தாதான் புதுசை அறிமுகம் பண்ண முடியும்."

அவ்வளவு முக்கியமான பேச்சைத்தான் அன்று திரை விழுங்கியிருந்தது.

"புரியலன்னா நீங்க ஏன் தலையாட்டினீங்க?"

"நீ ஆட்டினே. உனக்குப் புரிஞ்சிருக்கும்னு நானும் ஆட்டினேன்."

"சரி, அந்தப் பழசைக் குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. வெள்ளைத் துண்டின் மேல் அது பளபளவென்று இருந்தது. மேலே ஒட்டியிருந்த பசையைத் துடைத்தவர், கை நிற்காமல் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தையும் துடைத்திருந்தார். அடியில் இருப்பது தலைமுடி போன்ற ஊசிகள். ஒரு மூலையில் அவை மிதிபட்ட புல்லாகச் சாய்ந்து கிடந்தன.

"அழுக்கா இருந்துச்சு" என்றார் மெதுவாக.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். உள்ளே போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தாள். கடவுளிடம் அவள் அற்புதம் எதையும் கேட்கவில்லை. யாராவது ஒருத்தரைக் காட்டு என்று மட்டும் கேட்டாள். அப்படிக் கேட்கிறவர்களுக்கு அவர் பெரும்பாலும் அக்கம்பக்கத்து வீட்டையே காட்டுகிறார்.

அவள் கண் திறப்பதற்குள் கணவர் எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருந்தார். அங்கே கட்டட வரைபடம் போடுகிறவர் ஒருவர் தனியாக இருந்தார். வந்து பார்த்தார். திரும்பிப் போய், முனையில் மெல்லிய குழாய் வைத்த, குச்சி மாற்றுகிற பென்சிலை எடுத்து வந்தார். உள்ளிருந்த குச்சியை உதறிவிட்டு, வெறும் குழாயைச் சாய்ந்த ஊசியின் மேல் மாட்டி, மெல்ல நிமிர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் வேகமா..." என்றார் அப்பா, டார்ச்சைப் பிடித்தபடி.

"வேகமா நிமிர்த்தினா ஒடிஞ்சுடும். கோவிச்சுக்கிட்டவங்களைச் சாப்பிடக் கூப்பிடுற மாதிரி கூப்பிடணும்."

எதிர்வீட்டுக்காரர் பாதியில் விட்டு வந்த வேலை அவர் மேஜையில் காத்திருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியது. அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. எல்லா ஊசிகளும் நேரானதும், அம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்:

"என் கம்ப்யூட்டரும் ஒரு மாதிரிதான். ஃபேன் லாரி மாதிரி கத்தும், சூடாகி அணைஞ்சுடும். அதுவும் ஊர்ல இருக்கிற எங்க அக்கா திரையில வந்து என்னைத் திட்ட ஆரம்பிக்கிற நேரம் பாத்து. முதல்ல தப்பிச்சோம்னு நினைச்சேன். இப்போ அந்தத் திட்டு இல்லாம ஏக்கமா இருக்கு, தங்கச்சி."

"கொண்டாங்கண்ணா, பாக்குறேன்."

"முதல்ல உங்க பொண்ணைப் பாருங்க" என்று எழுந்துவிட்டார்.

பழையதைத் திரும்ப மாட்டினார்கள். திரை வெளிச்சமானது. மகள் எழுதி அனுப்பியபடியே புது சாஃப்ட்வேரைப் பென்டிரைவில் இறக்கி போர்டுக்குக் கொடுத்தாள் அம்மா. அது முடிகிறவரை யாரும் சுவிட்ச் பக்கம் போகக்கூடாது என்று அப்பா கைகளை விரித்துக்கொண்டு நின்றார். வீட்டில் வேறு யாரும் இல்லை. முடிந்ததும் பழையது தன் இடத்தைப் புதியதற்கு விட்டுக்கொடுத்தது.

ஞாயிறு மத்தியானம் மகள் வந்தாள். கைகள் ஓடின, மடங்கின, சிரித்தன. எதுவும் நிற்கவில்லை. அலுவலகத்துச் சண்டை, தோட்டத்துப் பூனை என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டாள்:

"புரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உன்னைப் பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றது அம்மாவின் கை.

மகள் உள்ளங்கையை விரித்துக் கேமரா முன்னால் நீட்டினாள். அம்மா திரைமேல் விரல் வைத்து ஒரு வட்டம் போட்டாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. திரையில் மகளின் கை மூடிக்கொண்டது. விரலைத்தான் பிடிக்க முடியவில்லை.

சில நாள் கழித்து எதிர்வீட்டுக்காரர் வேலையாக வெளியூர் போனார். "செடிக்குத் தண்ணி ஊத்துங்க. அப்படியே அந்த லாரிக்கும் தலையில ஒரு குட்டு வைங்க" என்று சாவியைக் கொடுத்தார்.

கணவர் மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் அவள் சாவியோடு, ஒரு தூரிகையும் மிச்சமிருந்த பசைக்குழாயும் எடுத்துப் போனாள். அவருடைய கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். ஃபேனில் தூசி கம்பளியாகப் படிந்திருந்தது. இதழ் இதழாகத் துடைத்தாள். ஃபேனைக் கழற்றி, சுண்ணாம்பாகக் காய்ந்துபோன பழைய பசையை வழித்தெடுத்து, குழாயைக் கடைசிவரை பிதுக்கினாள். ஒரு பட்டாணி அளவு வந்தது. மாட்டி முடித்து சுவிட்சைப் போட்டுக் காதை வைத்துக் கேட்டாள். ஃபேன் சுற்றியது. லாரிச் சத்தமே இல்லை.

அணைத்துவிட்டுப் பெட்டியை இருந்த இடத்தில், இருந்த கோணத்திலேயே நகர்த்தி வைத்தாள். மேஜையில் பட்ட விரல்தடத்தை முந்தானையால் துடைத்தாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தாள்.