போன வாரத்து அழுகை

மெட்டில்டா வீட்டுக்குப் போன் வந்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். கூரை ஒழுகினாலும் நன்றாக, காய்ச்சலில் கிடந்தாலும் நன்றாக. எல்லையில் இருப்பவனிடம் வேறு எதுவும் பேசக்கூடாது என்பது மல்காஜ்கிரியில் அந்த ஒரு வீட்டின் சட்டம். மருமகளாக வந்த முதல் வாரமே பிளெசிக்கு அதைச் சொல்லிவிட்டார்கள்.

சட்டத்துக்குக் காரணம் இருந்தது. மெட்டில்டாவின் கணவர் கொர்னேலியஸ் ராணுவத்தில் லாரி டிரைவர். மகன் ரயான் சின்னப் பிள்ளையாக டைபாய்டில் கிடந்தபோது, மெட்டில்டா எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, பையன் பிழைப்பானா தெரியவில்லை என்று அவரிடம் அழுதுவிட்டாள். மறுநாள் அவர் போன லாரி மலைப்பாதையில் கவிழ்ந்தது. பையன் பிழைத்துக்கொண்டான், அப்பா திரும்பவில்லை. தன் அழுகைதான் அவர் கவனத்தைக் கலைத்துக் கொன்றது என்று அன்றைக்கு முடிவு கட்டியவள், அதை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த ரயான் இப்போது பனிமலையில் ராணுவ ரேடியோ ஆபரேட்டர். ஞாயிறுதோறும் மதியம் பேசுவான். பாப்பா பிறந்த பிறகு அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான், அவள் சத்தம். பார்க்காத மகளைக் காதால்தான் வளர்த்துக்கொண்டிருந்தான். ஞானஸ்நானத்தைக்கூட அவன் லீவில் வரும்வரை தள்ளி வைத்திருந்தார்கள். பாப்பாவுக்கு இன்னும் பெயரில்லை.

பெயரில்லாத அந்தப் பாப்பா வெள்ளிக்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனில் கிடந்தாள். நெஞ்சு முழுக்கச் சளி. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்வாங்கியது. இன்னும் ஒன்றிரண்டு நாள் கழிந்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். பால் கட்டி மார்பு கல்லாக வலிக்க, பிளெசி வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போன வருடம்வரை மாதாப்பூர் கால் சென்டரில் முகம் தெரியாதவர்களின் புகாரையெல்லாம் பொறுமையாகக் கேட்டவள். அவள் புகாரைக் கேட்கத்தான் ஆளில்லை.

இன்று ஞாயிறு. நாளை ரயான் மேல் போஸ்ட்டுக்கு ஏறுகிறான். ஏறிவிட்டால் பனி விலகும்வரை போனும் இல்லை, இறங்கவும் வழியில்லை. இன்று சொல்லாவிட்டால், மகளுக்கு என்ன ஆனாலும் அவனுக்கு அது கோடையில்தான் தெரியும். சொல்லிவிடலாமா என்று பிளெசி கையிலிருந்த போனையே பார்த்தாள்.

"நக்கோ பிளெசி, வேணாம்," என்றாள் பக்கத்தில் நின்ற மெட்டில்டா, அவள் முகத்தைப் பார்த்தே. "பனியில கயித்தைப் புடிச்சு ஏறணும் அவன். ஒரு வார்த்தை சொன்னே, புள்ளையும் போவும் புருஷனும் போவான். நான் பார்த்தவ."

அத்தை சொல்வது பொய்யென்று அடித்துச் சொல்ல பிளெசியிடம் என்ன இருக்கிறது?

பிளெசியின் போன் அடித்தது. மெட்டில்டா முந்திக்கொண்டு எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். எல்லாம் நல்லா இருக்கு, பாப்பா நல்லா பால் குடிக்கிறா, சர்ச்சுக்குப் போய் வந்தோம் என்று வரிசையாக ஒப்பித்தாள். பாப்பா சத்தம் கேட்கணும் என்றான் ரயான். மெட்டில்டா தன் போனை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தாள். கத்தாரில் இருக்கும் மகள் ஸ்டெல்லாவுக்கு அனுப்புவதற்காக, போன ஞாயிறு ரயான் போனில் கேட்டுக்கொண்டிருந்தபோதே பதிவு செய்த அழுகை. திடமான, கோபமான, ஆரோக்கியமான அழுகை. அதைக் கேட்டதும் பிளெசியின் மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. இதைவிடப் பெரிய கொடுமையை யாரும் அவளுக்குச் செய்ததில்லை.

அழுகை முடிந்தது.

"அம்மா," என்றான் ரயான் மெதுவாக. "இது போன வாரத்து அழுகை. நம்ம தெரு வெங்காய வண்டி அதே எடத்துல உல்லிகட்டான்னு கத்துது, அதே எடத்துல ரயில் ஊதுது. நாள் பூரா ஹெட்போன் மாட்டி உக்காந்திருக்கறவன் நான். பாப்பா எங்கே?"

பிளெசி மெட்டில்டாவின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ஏங்க, பாப்பா ஆஸ்பத்திரில கெடக்கா. மூச்சு விட முடியல அவளுக்கு. பிழைப்பாளான்னு டாக்டருக்கே தெரியல. எனக்குப் பயமா இருக்கு. நீங்க மேல ஏறாதீங்க."

சொல்லி முடித்த பிறகுதான், இருபத்தைந்து வருடத்துக்கு முன் அத்தை பூத்தில் சொன்னதையே தானும் சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தது. மெட்டில்டா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

கிட்டப் போ, அவள் மூச்சு கேட்கணும் என்றான் ரயான். நர்சிடம் கெஞ்சி பிளெசி உள்ளே போய்த் தொட்டிலருகே போனைப் பிடித்தாள். ஆக்சிஜன் குமிழியிடும் சத்தத்துக்கு நடுவே கீச்கீச்சென்று அந்தச் சின்ன மூச்சு. கேட்குது என்றான் அவன். பிறகு தொடர்பு அறுந்தது.

காத்திருந்தார்கள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் மெட்டில்டா, அவன் குரல் நடுங்கியதா என்று கேட்டாள். இல்லை அத்தை என்றாள் பிளெசி. உன் மாமனார் குரலும் அன்றைக்கு நடுங்கவில்லை என்றாள் மெட்டில்டா.

வெயில் சாயும் நேரத்தில் மறுபடி போன் அடித்தது. நாளை ஏறுகிற ஆட்களில் தன் பெயரை எடுத்துவிட்டார்கள், வானம் தெளிந்ததும் வருகிற முதல் ஹெலிகாப்டரில் இறங்குகிறேன் என்றான். பிளெசி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மாவிடம் கொடு என்றான்.

"அம்மா, அப்பா அன்னைக்கு ஸ்டியரிங்ல இல்ல. வேற ஆள் ஓட்டினாரு. ரோடு சரிஞ்சு வண்டி போச்சு. அப்பா பக்கத்து சீட்ல தூங்கிட்டு இருந்தாராம். அன்னைக்கு அப்பாகூடப் போன சுபேதார், நான் டிரெயினிங்ல இருந்தப்போ சொன்னாரு."

"கைக்குடா, ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அந்தப் பேச்செடுத்தா நீங்க அழுவீங்கன்னு."

மெட்டில்டா பெஞ்சில் உட்கார்ந்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தூங்குனாரா?" என்று கேட்டாள். "நான் அப்படி அழுதப்புறமும் தூங்குனாரா?"