மத்தியானப் பள்ளம்

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். சர்க்கரை இருப்பதால் இடது மேல்கையில் சென்சார் ஒட்டியிருக்கிறது. அது அளப்பது என் போனிலும் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்தே புருஷனின் ரத்தத்தை வேவு பார்க்கிறேன் என்று என் தங்கை கிண்டல் செய்வாள்.

கொஞ்ச நாளாக, இவர் டெப்போவில் ஓய்வில் இருக்கும் மத்தியான நேரத்தில் அலாரம் அலறுகிறது. சர்க்கரை ஐம்பத்தைந்துக்கு விழுந்துவிட்டதாம்! நான் போனில் கத்துவேன், இவர் இனிப்பை வாயில் போட்டுக்கொள்வார். அப்புறம் கன்னாபின்னாவென்று ஏறும்.

இப்படித் திடீரென்று இறங்குகிறவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. டாக்டர் சரியென்று எழுதித் தராவிட்டால் வேலை போச்சு.

டாக்டரம்மா வரைபடத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "சர்க்கரை இவ்வளவு சட்டுனு விழாதே. அந்த நேரத்துல என்ன பண்ணுவீங்க?"

"சும்மா பேசிட்டிருப்போம்." இவர் கண் கூரைக்குப் போனது. பொய் சொன்னால் அங்கேதான் போகும்.

"உண்மையச் சொல்லித் தொலைங்க!" என்றேன்.

"தூங்குவேன். பகல்ல தூங்கக் கூடாதுன்னு நீ திட்டுவியே, அதான் சொல்லல."

"எந்தப் பக்கமா படுப்பீங்க?" என்றார் டாக்டரம்மா.

"இடது பக்கம். பெஞ்சு ஒடுக்கம்."

"சென்சார் அமுங்கினா தப்பா குறைச்சுக் காட்டும். இங்கயே படுங்க, பாத்துடலாம்."

கட்டிலில் இடது பக்கமாகச் சாய்ந்தவர் குறட்டையே விட்டுவிட்டார். மானம் போயிற்று. ஆனால் கொஞ்ச நேரத்தில் என் போனில் எண் இறங்க ஆரம்பித்து அலாரமும் அடித்தது. நர்ஸ் விரலில் குத்தினாள். "ஆ! வண்டி எடுக்கணுமா?" என்று எழுந்தார். ரத்தத்துளி காட்டியது நூற்று இருபத்து நான்கு.

"சர்க்கரை விழவே இல்ல," என்றார் டாக்டரம்மா. "அந்தக் கையை அமுக்காம படுங்க. நடுக்கமோ மயக்கமோ இருந்தா உடனே இனிப்பு. இல்லன்னா முதல்ல விரல்ல குத்திப் பாருங்க, அப்புறம் கத்தலாம்." கடைசி வார்த்தை எனக்கு.

"அப்ப வண்டி..." என்று இழுத்தார் இவர்.

"தாராளமா ஓட்டுங்க. எழுதித் தரேன்."

என் வயிற்றில் பாலை வார்த்தார், மகராசி. இவரோ செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்தார், நிமிரவே இல்லை. தோள் குலுங்கியது. கவலையே இல்லாத மனுஷன் என்று தினமும் திட்டினேனே, என்னைவிட இவர்தான் பயந்து போயிருந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.