சத்தமில்லாத புரோட்டா கடை

அந்தக் கடையில் மேசைகள் மூன்று இருந்தனவா, நான்கா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சால்னாவில் தேங்காய் அரைத்து ஊற்றினார்கள் என்று நினைக்கிறேன். ஆசிப் அதை மறுக்கிறான், வேர்க்கடலை என்கிறான். நான் சாப்பிடும்போது படித்துக்கொண்டே இருப்பவன். தட்டில் என்ன இருந்தது என்பதைவிட எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் சால்னா சிந்தியது என்பதுதான் எனக்கு ஞாபகம் இருக்கும். இப்படிப்பட்ட ஒருவன்தான் நாகமலை புதுக்கோட்டையில் இருந்த கடைகளின் சாப்பாட்டைப் பற்றிக் கைப்பேசியில் எழுதிக்கொண்டிருந்தான்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் ஆய்வு மாணவன். விடுதிச் சாப்பாட்டுக்குப் பயந்து மாலையானால் வெளியே போய்விடுவேன். போய்வந்த கடைகளுக்கு வரைபடச் செயலியில் நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதுவது பழக்கமாகிவிட்டது. 'இட்லி மிருது. பக்கத்தில் இருந்தவர் எந்த ஊர், என்ன படிப்பு என்று விசாரித்தார். இரண்டு நட்சத்திரம்.' 'பிரியாணி சூடாக இருந்தது. டிவி ஓடியது. ஒரு நட்சத்திரம்.' பேருந்து நிறுத்தத்தில் பருத்திப்பால் விற்றவருக்கு மட்டும் ஐந்து கொடுத்திருந்தேன். அவர் யாரிடமும் பேச மாட்டார். பருத்திப்பால் எப்படி இருந்தது என்று எழுத மறந்திருந்தேன்.

"மாப்ள, நீ சாப்பாட்டுக்கு மார்க் போடல. பக்கத்து சீட்டுக்காரனுக்குல்ல மார்க் போடுற" என்பான் முகமது ஆசிப். அவன் என் அறைத்தோழன். மதுரையில் பழைய நகரத்துக்குள் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம். சாப்பிடும்போது புத்தகம் என்ன, கைப்பேசியைக்கூடத் தொட மாட்டான். என்னுடன் உட்கார்ந்து அவன் பேசுவான், நான் படிப்பேன். இருவருக்கும் அது வசதியாகவே இருந்தது.

சோலையண்ணன் கடையை நான் கண்டுபிடித்தது இப்படித்தான்: அதைக் கடந்து போகும்போது எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

மதுரைப் பக்கம் புரோட்டா கடை கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். புரோட்டாவைப் பிய்த்து, முட்டையும் சால்னாவும் ஊற்றி, சூடான கல்லில் இரண்டு தகடுகளால் கொத்துவார்கள். அந்த டக்கடக்க டக்கடக்க தெருமுனைவரை கேட்கும். பெயர்ப்பலகை இல்லாத கடை உண்டு, அந்தச் சத்தம் இல்லாத கடை கிடையாது. சோலையண்ணன் கடைக்குப் பெயர்ப்பலகை இருந்தது. கொத்து கிடையாது.

அவர் பல ஊர்களில், பல முதலாளிகளிடம் மாஸ்டராக இருந்துவிட்டு முதல்முறையாகச் சொந்தக் கடை போட்டிருந்தார். அதிகம் பேச மாட்டார். ஏன் கொத்து போடுவதில்லை என்று ஆசிப் கேட்டதற்கு, "அடுக்கடுக்கா வரணும்னு வீசிப் போடுறோம். அதை எதுக்குத் தம்பி கொத்திச் செதைக்கணும்? அதெல்லாம் நேத்து மிஞ்சுனதுக்கு" என்றார். நான் அறிந்தவரை அவர் அந்த வருடம் பேசியதில் அதுவே நீளமானது. எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது.

பேச்செல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி நாகஜோதிதான். செல்லூர்க்காரர். அவருடைய அண்ணன் அங்கே விசைத்தறிப் பட்டறை வைத்திருந்தார். கடையை வாடகைக்கு எடுத்துக் கொடுத்ததும் அந்த அண்ணன்தான். தீபாவளிக்குள் கடை நிமிராவிட்டால் மூடிவிட்டு இருவரும் பட்டறைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். பக்கத்திலேயே ஒரு பெரிய கடை சாயங்காலம் பூராவும் கொத்திக்கொண்டிருந்தது. கூட்டம் அங்கேதான் நின்றது.

"தறிச் சத்தத்துக்குள்ள நின்னு பாத்திருக்கீங்களா தம்பி?" என்று நாகஜோதி அக்கா ஒருநாள் கேட்டார். "எதிர்ல நிக்கிறவ வாயசைக்கிறது மட்டுந்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி அம்புட்டு வருசம் அதுக்குள்ளதான் கெடந்தேன். இப்பதான் நான் பேசுறது எனக்கே கேக்குது. மறுபடி அங்க போக மாட்டேன். நீங்க கடைகளப் பத்தி போன்ல எழுதுவீங்களாம்ல? நம்ம கடையப் பத்தியும் நல்லதா ரெண்டு வார்த்தை எழுதிவிடுங்க."

என் எழுத்தை ஒருவர் கேட்டு வாங்கியது அதுவே முதல்முறை. ஆய்வேட்டுக்குக்கூட அவ்வளவு யோசித்ததில்லை. பல முறை அடித்துத் திருத்தி, ஐந்து நட்சத்திரத்துடன் வெளியிட்டேன்.

'இந்த வட்டாரத்தில் சத்தமில்லாத ஒரே புரோட்டா கடை. இங்கே கல் அதிராது. யாரும் உங்களிடம் பேச மாட்டார்கள். ஒரு புத்தகத்தோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம்.'

ஆசிப் அதைப் படித்துவிட்டுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"என்னடா எழுதி வச்சிருக்க? சத்தமில்லாத புரோட்டா கடைன்னா மதுரைல என்ன அர்த்தம் தெரியுமா? கல்லு சும்மா கெடக்குதுன்னு அர்த்தம். கடைல ஈ ஓட்டுறாங்கன்னு அர்த்தம். இதுக்கு நீ ஒரு ஸ்டாரே குடுத்திருக்கலாம்."

"எனக்குப் பிடித்ததைத்தானே எழுதினேன்."

"உன்ன மாதிரி ஊருக்கு எத்தன பேருடா இருப்பாங்க?"

இருந்தார்கள். அதுதான் யாரும் எதிர்பாராதது. அடுத்த வாரமே ஒருவர் பின் ஒருவராக வரத் தொடங்கினார்கள். வரலாற்றுத் துறையிலிருந்து ஒருவர், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இருவர், கண்ணாடி போட்ட ஒரு பெண். ஆளுக்கொரு தடித்த புத்தகம். இரண்டு புரோட்டா சொல்வார்கள். அதை ஒரு அத்தியாயத்துக்கு ஒரு துண்டு வீதம் சாப்பிடுவார்கள். தலை நிமிராமல் கையை மட்டும் உயர்த்தி இன்னும் கொஞ்சம் சால்னா கேட்பார்கள். கடை நிரம்பியிருந்தது. வியாபாரம் முன்பைவிடக் குறைந்தது. குடும்பத்தோடு வந்தவர்கள் இடமில்லாமல் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். எனக்கே இடம் கிடைக்கவில்லை. சுவரோரம் நின்றுகொண்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் போலவே பக்கம் புரட்டும் ஒருவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சகிக்கவில்லை.

ஒருநாள் டவுன்பஸ் டிரைவர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். எல்லோரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "என்னக்கா, வீட்ல ஏதும் துக்கமா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, உள்ள வாங்க, சாப்பிடலாம்."

"இல்லக்கா, இருக்கட்டும். நான் பெறகு வாரேன்."

நாகஜோதி அக்கா அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு அதிக நாள் இல்லை. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கல்லாவிலிருந்து எழுந்து அடுப்புப் பக்கம் போனார். தகடுகள் அந்தக் கடையில் இல்லை. தோசைத்திருப்பி இரண்டைக் கைக்கொன்றாக எடுத்தார். கல் காய்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. வெறுங்கல்லில் கொத்த ஆரம்பித்தார்.

டக்கடக்க டக்கடக்க.

மாவு பிசைந்துகொண்டிருந்த சோலையண்ணன் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். "ஏ ஜோதி, என்ன பண்ற? கல்லுல ஒண்ணுமே இல்லையே!"

"கல்லுல இல்லாதது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ரோட்டுல போறவனுக்குத் தெரியுமா?"

படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தார்கள். வரலாற்றுத் துறைக்காரர் புத்தகத்தை மூடினார். கண்ணாடிப் பெண் என்னைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் மேசைகள் காலியாகின. நானும் வெளியே போயிருப்பேன். ஆசிப் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். "உக்காருடா. உனக்கு ஒரு நாள் சத்தத்தோட சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது."

அந்த யோசனையைச் சொன்னதே தான்தான் என்று ஆசிப் இன்றும் சாதிக்கிறான். முந்தைய நாள் கைகழுவும் இடத்தில் அக்காவிடம் சொன்னானாம். இருக்கலாம். நான் அப்போது படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

சாலையிலிருந்து முதலில் கல்லூரிப் பையன்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். "அக்கா, முட்டைக் கொத்து நாலு" என்றான் ஒருவன். நாகஜோதி அக்கா திருப்பியை நிறுத்திவிட்டுக் கணவரைப் பார்த்தார். கெஞ்சவில்லை, அதட்டவுமில்லை. வெறுமனே பார்த்தார். அப்படியொரு நீண்ட மௌனத்தை நான் எந்தப் புத்தகத்தோடும் அனுபவித்ததில்லை.

சோலையண்ணன் கையைக் கழுவினார். நேற்று மிஞ்சியது என்று அவரிடம் எதுவும் இல்லை. அப்போதுதான் எடுத்து அடுக்கியிருந்த புரோட்டாக்களைத் தானே பிய்த்துக் கல்லில் போட்டார். முட்டையை உடைத்து ஊற்றினார். முதல் கொத்து விழும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"செம சாப்ட்டா இருக்குடா" என்றான் ஒரு பையன். "பக்கத்துக் கடைல ரப்பர் மாதிரில்ல இருக்கும். அண்ணே, இன்னொரு பிளேட்!"

சோலையண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த கொத்தில் வேகம் கூடியதை நான் கேட்டேன்.

பிறகு நான் எழுதியதை நீக்கிவிடுவதாக அக்காவிடம் சொன்னேன். அவர் பதறிப்போனார். "அதத் தொடாதீங்க தம்பி. சத்தமில்லாத கடைன்னு போட்டிருக்கத இங்கன உக்காந்து படிச்சுட்டு எப்படிச் சிரிக்கிறாங்க தெரியுமா? சிரிச்சுக்கிட்டே இன்னொரு பிளேட்டு சொல்றாங்க." அந்த வரிகளின் கீழே பயனுள்ளது என்று குறி போட்டவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். என் எழுத்து அத்தனை பேரைச் சென்றடைந்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

கடை இப்போது அதே சாலையில் பெரிய இடத்தில் இருக்கிறது. நாகஜோதி அக்கா பட்டறைக்குப் போகவில்லை. தறிகளை விற்றுவிட்டு அவருடைய அண்ணன்தான் இங்கே வந்து பார்சல் கட்டுகிறார். கல்லாவில் அக்கா இருக்கிறார். சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுகிறார். சோலையண்ணன் இன்னும் கொத்து சாப்பிடுவதில்லை. பக்கத்துக் கடை மூடிவிட்டது, அங்கே இப்போது ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். கண்ணாடி போட்ட பெண் ஏதோ தேர்வில் தேறி எங்கோ வேலையில் இருப்பதாகக் கேள்வி. ஆசிப் அப்பாவின் மளிகைக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். சர்க்கரை வந்து புரோட்டாவை நிறுத்திவிட்டான். நான் வண்டியூரில் குடியிருக்கிறேன், ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மதியம் ஆசிரியர் அறையில் எல்லோருடனும் உட்கார்ந்து டப்பாச் சாப்பாடு சாப்பிடுகிறேன். அங்கே யாரும் பேச்சை நிறுத்துவதே இல்லை.