தூக்கிய கை

என் வீட்டுக்காரருக்கு எல்லாக் கட்சியும் ஒன்றுதான். யார் கூட்டம் போட்டாலும் வாடகை நாற்காலி அவருடையது. மேடையில் என்ன கேட்டாலும் முதலில் கை தூக்குவதும் அவர்தான். ஆதரவெல்லாம் இல்லை. சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் அடுக்கி வண்டியில் ஏற்றலாமே! "ராமன் ஆண்டா என்ன, ராவணன் ஆண்டா என்ன, நாற்காலி உடையாம வந்தா சரி" என்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

அன்று வார்டு கூட்டம் முடிந்து வந்தவருக்குச் சோறு போட்டபடி, என்ன பேசினார்கள் என்று கேட்டேன்.

"ஏதோ குழந்தைங்க காப்பகத்த மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாத்துறாங்களாம்."

தெருமுனையில் இருக்கும் அந்தக் காப்பகத்தில் மகளை விட்டுவிட்டுத்தான் பிஸ்கட் கம்பெனியில் பெட்டி ஒட்டப் போகிறேன். ரோட்டைத் தாண்டிப் போய்த் திரும்புவதற்குள் கம்பெனி பஸ் போய்விடும். பின்னாலேயே வேலையும் போய்விடும்.

"யாரும் வேண்டாம்னு சொல்லலையா?"

"வந்ததே நாலஞ்சு பேரு. சம்மதம்னா கை தூக்குங்கன்னாங்க..." பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"தூக்கினீங்களா?"

"பழக்கத்துல... என்னைப் பாத்து மத்தவங்களும்..."

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிறதும்பாங்க. நீங்க அதுக்கு நாற்காலியும் குடுத்திருக்கீங்க!"

மறுநாள் வார்டு உறுப்பினரம்மாவிடம் போனேன். "உங்க வீட்டுக்காரர்தானேம்மா முதல்ல கை தூக்கினார்" என்று சிரித்தார். மறுபடி பேச வேண்டும் என்றேன். "ஆள் வந்தா பேசலாம். யாரு வர்றீங்க?" என்றார். அது சுருக்கென்று தைத்தது. அந்தக் கூட்டம் நடந்தபோது நானும் வீட்டில் துணிதானே மடித்துக்கொண்டிருந்தேன்.

தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். "நாம போயி என்னத்த கிழிக்கப்போறோம்" என்றவர்களே அதிகம். ஆனாலும் அடுத்த கூட்டத்துக்கு எங்கள் பெட்டி ஒட்டும் கூட்டம் முன்வரிசையை அடைத்துக்கொண்டது.

உறுப்பினரம்மா சாலை, விளக்கு, சாக்கடை என்று சுற்றி வந்து, "காப்பகத்தப் பத்தி யோசிச்சு சொல்றேன். கூட்டம் முடிஞ்சுது, நன்றி" என்று பையைத் தோளில் மாட்டினார். எல்லாரும் எழுந்தார்கள். என் வீட்டுக்காரர் கடைசி வரிசையிலிருந்து அடுக்கிக்கொண்டே வந்தார். நான் எழவில்லை.

"எழுந்திரும்மா, வண்டி நிக்குது."

"நிக்கட்டும். யோசிச்சு சொல்றேங்கறது ஒரு பதிலா? பதில் வரட்டும், அப்புறம் எடுத்துக்குங்க."

என்னோடு வேலை பார்ப்பவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப உட்கார்ந்தார்கள். அவர் அடுக்கியதைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார். பிறகு மேலே இருந்த ஒரு நாற்காலியை எடுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். தன் நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

கை தூக்கினார்.

"அம்மா, போன தடவ தூக்கின கைய நான் இறக்கிக்கிறேன். இப்ப மறுபடி கேளுங்க."

உறுப்பினரம்மா பையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.