எர்கினோஸ் எந்த வில்லையைப் போட்டார்?

என் தம்பி தெலிப்போஸ் போர்க்களத்தில் கேடயத்தை வீசிவிட்டு ஓடினானா இல்லையா என்று ஏதென்ஸ் முழுக்கப் பேச்சு. குற்றம் உறுதியானால் அவன் கோயிலில் கால் வைக்க முடியாது, சபையில் வாய் திறக்க முடியாது. மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கலாம்.

எனக்கு அதைவிடப் பெரிய இக்கட்டு. வரிசையில் நிற்கிறவன் கேடயம் பாதி அவனுக்கு, மீதி இடப்பக்கம் நிற்பவனுக்கு. அன்று தெலிப்போஸின் இடப்பக்கம் நின்றவன் மோலோன், என் கணவர் எர்கினோஸின் ஒரே தம்பி. அவனைச் சாம்பலாகத்தான் ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

"அடி தாங்காம கைப்பிடி அறுந்துபோச்சுக்கா. நான் வீசல," என்று தெலிப்போஸ் என் காலைப் பிடித்து அழுதான். நான் நம்பினேன். எர்கினோஸ் நம்பினாரா என்பது தெரியவில்லை. சலவைக்கல் செதுக்குபவர், வீட்டில் பேசுவதைவிடக் கல்லோடு அதிகம் பேசுவார்.

வழக்கு நாள் காலை, யார் எந்த மன்றத்தில் நடுவராக உட்கார வேண்டும் என்று வழக்கம்போல் குலுக்கிப் போட்டார்கள். எத்தனையோ மன்றங்கள் இருக்க, இவருக்கு விழுந்தது என் தம்பியின் வழக்கு. முந்தின நாள் சுத்தியல் பட்டு நசுங்கிய கட்டைவிரலுக்கு நான்தான் எண்ணெய்த் துணி சுற்றி அனுப்பியிருந்தேன்.

சாயங்காலம் செய்தி வந்தது. இரு பக்கமும் சரிசமம். சமம் என்றால் விடுதலை. ஒரே ஓட்டு மாறியிருந்தாலும் என் தம்பி தொலைந்திருப்பான். மறுநாள் நீரூற்றில் குடத்தோடு நின்ற அத்தனை பேரும், "எங்க வீட்டுக்காரர் போட்டதுலதான் உன் தம்பி பிழைச்சான்," என்றார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பருப்புக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எதைப் போட்டீங்க?"

"வெளிய சொல்லாததுக்குத்தானே ரகசிய ஓட்டு."

"நான் என்ன தீப்ஸ்காரன் அனுப்பின ஒற்றனா?"

"கஞ்சில உப்பு கம்மி."

எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

அன்றைக்கே தெலிப்போஸ் ஒரு சாடி மதுவோடு வந்தான். "அத்தான், நீங்க மனசு வெச்சதாலதான்..." என்று அவன் ஆரம்பித்ததுமே இவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவன் முற்றத்தில் சாடியை அணைத்தபடி நின்றான். பார்க்கவே பாவமாக இருந்தது.

கட்டு மாற்றும் சாக்கில் நானும் பின்னாலேயே போனேன். துணியை அவிழ்க்கும்போதுதான் பொறி தட்டியது. ஆளுக்கு இரண்டு வெண்கல வில்லை தருவார்கள். நடுவே செருகிய அச்சு ஒன்றில் துளையோடு இருக்கும், இன்னொன்றில் கெட்டியாக. துளையுள்ளது தண்டனைக்கு, கெட்டி விடுதலைக்கு. யாரும் பார்க்காதபடி அச்சின் இரு முனையையும் விரலால் மூடி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, வேண்டியதை மட்டும் ஓட்டு ஜாடியில் போட வேண்டும்.

"இவ்வளவு தடிமனா கட்டியிருந்தேனே, எப்படித் தடவிப் பாத்தீங்க?"

"தடவ முடியல. குடுத்தப்பவே பாத்து வலக்கையில துளை, இடக்கையில கெட்டின்னு வெச்சிருந்தேன். முன்னாடி போன கிழவன் தடுக்கினான். அவனப் பிடிக்க ரெண்டையும் ஒரே கைக்கு மாத்தினேன். அப்புறம் எது எதுன்னு தெரியல."

"விரலை விலக்கிப் பாத்தா தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சிருக்கும்."

"எதைப் போடணும்னு நினைச்சிருந்தீங்க?"

"துளை வெச்சதை. உன் தம்பி வந்து நின்ன உடனேயே முடிவு பண்ணிட்டேன்."

"அப்புறம் ஏன் பாக்கல?"

"பாத்திருந்தா அதைத்தான் போட்டிருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எப்படியோ முடிச்சைப் போட்டேன். அவர் விரலை மடக்கிப் பார்த்தார்.

"அவன் இன்னும் நிக்கிறானா?"

"நிக்கிறான்."

"உள்ள வரச் சொல்லு. மது கொண்டாந்திருக்கான்ல, மோலோனுக்குப் படையலா முதல் கிண்ணத்தை அவன் கையாலயே தரையில ஊத்தட்டும்."