மாமனார் நிறுத்தி வைத்த கார்

கொல்லைப்புறக் கொட்டகையில் கிடந்த அந்தச் சின்னக் காரை வீட்டில் யாரும் காராகவே நினைப்பதில்லை. மேலே பழைய மெத்தை, பின்சீட்டில் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள், டிக்கியில் காய்ந்துபோன பெயின்ட் டப்பாக்கள். சக்கரம் வைத்த அலமாரி, அவ்வளவுதான். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, மாமனார் வேலைக்குக் கிளம்பித் தெருமுனை போய்ச் சேர்வதற்குள் வண்டி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டவர், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். அந்த நாளை வரவே இல்லை. போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

பழைய இரும்புக்காரரை வரச் சொன்னது அந்த வீட்டு மருமகளின் கணவர்தான். அவர் பஸ் டிரைவர். நாள் முழுக்க ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வீட்டிலும் ஒன்று எதற்கு என்பார். இரும்புக்காரர் வந்து, பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க பானெட்டைத் தூக்கினார். துணிக்கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சும்மா எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுக்குப் பல் செட் செய்யும் வேலை. மெழுகில் பல் வடித்து, அச்செடுத்து, உலோகம் ஊற்றி, நகக்கண் அளவு சாமானோடு இருபது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவள். ஒரு பொருளைச் சின்னதாகச் செய்ய எவ்வளவு மூளை வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஏதோ பெரிய கறுப்பு இரும்பு மலை இருக்கும் என்று நினைத்திருந்தாள். உள்ளே இருந்ததோ ஒரு சூட்கேஸ் அளவு எஞ்சின். தூசிக்கு அடியில் ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் இடத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி. இத்தனூண்டு சாமானா ஒரு குடும்பத்தையே சுமந்துகொண்டு மலையேறியது?

"இதை எடுக்க வேணாங்க" என்றாள். இரும்புக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனார். கணவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கமே அவர் தலைகாட்டவில்லை. கோபம் என்றுதான் நினைத்தாள்.

துணைக்கு வந்தது நாத்தனார். இரண்டு தெரு தள்ளித் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். ஊரில் பாதிப் பேர் அண்ணி புண்ணியத்தில்தான் மெல்லுகிறார்கள் என்று வாய் ஓயாமல் கேலி செய்வாள். வேலை என்று வந்தால் வாயைத் திறக்க மாட்டாள்.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. முன்பக்கத்துப் பெரிய நட்டில் ஸ்பேனரை மாட்டி இருவரும் தொங்கிப் பார்த்தார்கள். கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. மனைவி, தான் பல் செய்து கொடுக்கும் டாக்டரிடம் கேட்டு, வேர் சிகிச்சைக்கு வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்தாள். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய ஓட்டை வழியாக அதை விட்டு, விளக்கடித்துப் பார்த்தாள். நாலு சிலிண்டர்களில் மூன்று சுத்தம். வரிசையில் மூன்றாவதாக இருந்ததில் மட்டும் சுவரைச் சுற்றி ஒரு துரு வளையம், கண்ணிமை கனம்கூட இருக்காது. அதுதான் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது.

டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினார்கள். தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் ஆளுக்கு ஒரு தடவை ஸ்பேனரில் கை வைப்பார்கள், அசையாது, கை கழுவிக்கொண்டு போவார்கள். இப்படியே மூன்று வாரம் ஓடிற்று. நடுவில் வைப்பர் மோட்டாரைப் பிரித்தபோது பல்சக்கரத்தில் இரண்டு பல் உடைந்திருந்தது. நாத்தனார் சிரித்து உருண்டாள். "அண்ணி, உங்களைத் தேடி வந்த கேசு இது" என்றாள். மனைவி மெழுகில் வடித்து, பல் செட்டுக்கு ஊற்றும் உலோகத்திலேயே முழுச் சக்கரத்தையும் வார்த்துக் கொண்டுவந்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

இருபத்து நான்காம் நாள், ஸ்பேனர் கையோடு வந்தது. நழுவிவிட்டது என்று நினைத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் வந்தது, ஒரு நூல் அளவு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். உள்ளே நாலு பிஸ்டனும் இருபத்தேழு வருஷம் கழித்து ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஏறி இறங்குவதை அவளால் உள்ளங்கையில் உணர முடிந்தது. அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து கார்புரேட்டரைப் பிரித்தார்கள். பெட்ரோல் போகும் ஜெட்டில் ஊசித்துளை இருக்கும். வெளிச்சத்தில் காட்டினால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். தெரியவில்லை. மனைவி மெல்லிய கம்பியால் பின்பக்கமிருந்து தள்ளினாள். வெள்ளைக் காகிதத்தில் ஒரு துகள் விழுந்தது. உப்புத்தூளில் ஒரு மணி அளவு. அவ்வளவுதான். வேறு எல்லாம் சரியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கணவர் தண்ணீர் குடிக்க வந்தார். நாத்தனார் காகிதத்தைக் காட்டி, வண்டி நின்றதற்குக் காரணம் இதுதான் என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. கடைசியில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நான்தான் கெடுத்துட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

வண்டி நிற்பதற்கு முந்தின சாயங்காலம், அப்பா வெளியூர் போயிருந்தபோது, சாவியை எடுத்து ஓட்டியிருக்கிறார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. கியர் தெரியாமல் கறகறவென்று இழுத்து, ஆற்றுப்பாலம் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார். மறுநாள் காலை வண்டி நின்றது. எஞ்சினை உடைத்துவிட்டோம் என்று முடிவே கட்டிவிட்டார். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று நினைத்தே வருஷம் ஓடிவிட்டது. அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோதும் வாய் வரவில்லை. இதையெல்லாம் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நாத்தனார் கையிலிருந்த ஜெட்டை மேசையில் வைத்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"அன்னிக்குக் காலையில என்னை ஸ்கூல்ல விடறதுக்கு ஏத்திக்கிட்டாரு. உக்காந்ததும் சீட்டை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டாரு. சீட்டு பின்னாடி தள்ளிக் கிடந்துது, காலு எட்டல அவருக்கு. ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்திருந்துட்டு, சிரிச்சாரு. எதுக்கு சிரிக்கிறீங்கன்னு கேட்டேன். உங்க அண்ணன் வளந்துட்டான்னாரு."

இருபத்தாறு வருஷம் ஒரே கூரையின் கீழ் இரண்டு ஆண்கள் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள். மாமனார் ஏன் அந்த வண்டியைத் திரும்பத் தொடவில்லை என்பது மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. மனைவி அந்தத் துகளைப் பார்த்தாள். மூச்சுவிட்டால் பறந்துவிடும் போலிருந்தது.

பிரேக் ரப்பர், டயர், புது பேட்டரி என்று இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. இந்த முறை கணவரும் கூட இருந்தார். பஸ் டிப்போ மெக்கானிக்கிடம் சந்தேகம் கேட்டு வந்து, ராத்திரி படித்த பாடம் மாதிரி ஒப்பிப்பார்.

ஒரு மத்தியான வேளையில், பாட்டிலிலிருந்து பெட்ரோல் குழாயைக் கொடுத்து, நாத்தனார் சாவியைத் திருப்பினாள். செல்ஃப் மோட்டார் சுற்றிற்று. ஒன்றுமில்லை. மறுபடியும். ஒரு இருமல், நீலப் புகை. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது.

மனைவி பானெட் ஓரத்தில் விரல் வைத்து நின்றாள். தம்ளர் அகலமே உள்ள நாலு குழிகளில், ஒன்றன்பின் ஒன்றாக, முறை தவறாமல், நிமிஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் வெடிகள். இதை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எங்கேயோ ஒரு மேசையில், பென்சிலும் கையுமாக. அந்த ஆள் யாரென்று தெரியாது. இன்னும் இருக்கிறாரோ இல்லையோ. அவர் போட்ட கணக்கு அவள் விரலில் துடித்துக்கொண்டிருந்தது.

கணவர் டிரைவர் சீட்டில் ஏறினார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவினார். கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தார். பிறகு சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"ஏறுங்க ரெண்டு பேரும்" என்றார்.

தெருமுனையில் பழக்கதோஷத்தில் பஸ்ஸைத் திருப்புகிற மாதிரி ஒரு பெரிய வட்டமடித்தார். எதிரே வந்த சைக்கிள்காரர் மிரண்டு ஓரம் கட்டினார். பின்சீட்டில் நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். கணவர் சிரிக்கவில்லை. பாலத்துக்குப் போகும் சாலையில் வண்டியை விட்டு, மூன்றாவது கியரை, ஒரு சத்தமும் வராமல், மெதுவாகப் போட்டார்.