மூன்றாவது ஓலை

"ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. மூணாவது எங்க ஓடிடப் போகுது?"

"ஓலை ஓடாது. கோயில்தான் ஒரு பக்கமா சாய்ஞ்சுக்கிட்டு இருக்கு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் தச்சரும் அவளும் பேசிச் சிரித்தது இது. இருபத்தெட்டு வருஷமாகியும் அவளுக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. கல்யாணம் நிச்சயமானவர்களின் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள்; அந்த அறிவிப்புதான் ஓலை. இவர்கள் இருவருடைய மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் கோபுரம் விரிசல் விட்டது. கதவுக்குப் பூட்டு விழுந்தது.

முந்நூறு வருஷத்துக் கோயில். ஒருமுறை தீயில் கூரையைப் பறிகொடுத்தது, ஒருமுறை வெள்ளத்தில் தரையை. அதையெல்லாம் தாங்கிய சுவர், பக்கத்தில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தைத் தாங்கவில்லை. அந்தக் கோயிலின் பங்கு மக்களை அடுத்த கோயிலின் பங்கோடு சேர்த்தார்கள். மூன்றாவதை அங்கே வாசித்துவிடலாம் என்றார் சாமியார். அவளுடைய அப்பா ஒரே பிடியாக நின்றார். "ரெண்டு வாசிச்ச இடத்துலதான் மூணாவதும். கோயிலைத் திரும்பக் கட்டட்டும்."

யாரும் கட்டவில்லை. இடித்துத் தரைமட்டமாக்கி, வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். அப்பா பிடியைத் தளர்த்தவில்லை. அவரை மீற அவளுக்கும் மனம் வரவில்லை. தச்சர் வேறு பெண் பார்க்கவும் இல்லை. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் "சௌக்கியமா?", "இருக்கேன்", அதோடு சரி. அப்பா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்தது. காத்திருக்கச் சொன்னது அவள் வீடு. இனி கேட்க வேண்டியதும் அவள்தான். வாய்தான் வரவில்லை.

நகராட்சியில் வரைபடம் போடுவது அவள் வேலை. கோயிலின் வடிவத்தைத் தரையில் கல் பதித்துக் காட்டப் போகிறார்கள். பழைய வரைபடமோ கிடைக்கவில்லை. கடைசியாக உள்ளே போய்ப் பெஞ்சுகளைக் கழற்றியவர் தச்சர். அதனால் ஒரு காலையில் இருவரும் அளவு டேப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே நின்றார்கள்.

"வண்டியே இல்லாம எந்த இடத்தைப் பிடிக்கிறீங்க?" என்றான் காவலாளி.

"முந்நூறு வருஷமா இங்க நின்ன வண்டிப்பா. யாரோ ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க," என்றார் தச்சர். பிறகு நாலடி நடந்து ஒரு நீலக் காருக்குப் பக்கத்தில் நின்றார். "வலது பக்கம், மூணாவது பெஞ்சு. உன் பாவாடையைக் கிழிச்ச ஆணி இங்கதான்."

"அந்த ஆணியை உள்ள அடிக்க மூணு மாசமாச்சு உங்களுக்கு. பேருதான் பெரிய தச்சர்."

"ஒரே நாள்ல அடிச்சிருந்தா, வாராவாரம் வந்து திட்டியிருப்பியா?"

அவள் குனிந்து அளவைக் குறித்தாள். எழுதிய எண் என்னவென்று அவளுக்கே தெரியவில்லை.

பிரசங்க மேடை இருந்த இடத்தில் இப்போது காவலாளியின் கூண்டு. டேப்பின் முனையை அங்கே பிடித்து நின்றாள். "ஓலை வாசிச்சது அங்க நின்னுதான்," என்று எதிர்முனையிலிருந்து சொன்னார் தச்சர். டேப்பைச் சுற்றிக்கொண்டே அவளை நோக்கி நடந்து வந்தார். பதினெட்டு மீட்டர் பத்தாகி, மூன்றாகி, கையெட்டும் தூரமானது.

"அவ்வளவுதானே? வேலை முடிஞ்சுதுல்ல?"

"ஒண்ணு பாக்கி இருக்குங்க."

"என்னது?"

முனையை அவர் கையில் கொடுத்தாள், கையை எடுக்கவில்லை.

"அடுத்த பங்குச் சாமியார்கிட்ட ஒரு நடை போயிட்டு வரலாமா? மூணாவது ஓலையை வாசிக்கச் சொல்லணும். முதல்ல இருந்து மூணையும் வாசிச்சாலும் எனக்குச் சம்மதம்."